கண்ணக்காவின் துண்டு

மணி ஒன்று ஆனதும் கண்ணக்கா தோளில் கிடக்கும் நீலத் துண்டை எடுத்து ஓர் உதறு உதறி, மேசைமேல் இருக்கும் தட்டுகளைப் போர்த்திவிடுவாள். நான்கு மூலைகளையும் இழுத்துச் சரிசெய்வாள். ஒரு கண்கூட வெளியே தெரியக் கூடாது. அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பாவின் மூடி திறக்கும். "வாயில வைக்கும்போது இத்தனை பேரு பாத்துட்டு இருந்தா எனக்குத் தொண்டையில இறங்காதுப்பா" என்பாள்.

தட்டுகளில் இருப்பவை செயற்கைக் கண்கள். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் கண்ணுக்குப் பொருத்தமாக இன்னொன்றை வரைந்து செய்து கொடுப்பது அவள் தொழில். பதினெட்டு வருடம் ஒரு கண் மருத்துவமனையின் பின்கட்டில் செய்தாள். எட்டு வருடமாகத் தன் வீட்டு முன்னறையில் செய்கிறாள். "கண்ணு வைக்கிறவங்க வீடு எதுங்க?" என்று தெருவில் யாராவது விசாரித்தால் அவள் கணவருக்குச் சிரிப்பு தாங்காது. அவர் தையல்காரர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் சும்மா கண்ணு வைப்பாங்க. எங்க வீட்டம்மா ரசீது குடுத்து வைப்பா" என்று வழி காட்டுவார்.

வந்தவரை எதிரே உட்காரவைத்து, முழங்காலோடு முழங்கால் முட்ட, மூன்று மணி நேரம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டிய மனைவிகூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள். சிலருக்கு வெட்கம் வரும், சிலருக்கு அழுகை வரும். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். அழுதால் கண் சிவந்துவிடும், நிறம் தப்பிவிடும் என்பது மட்டுமே கவலை. "கறுப்புக் கண்ணுன்னு உலகத்துல ஒண்ணும் கெடையாது. உள்ள மஞ்சள் இருக்கும், பாசி இருக்கும், துருப்பிடிச்ச ஆணி மாதிரி ஒரு செவப்பு இருக்கும். அசையாம இருங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு வட்டில் வண்ணத்தின் மேல் வண்ணமாக ஏற்றுவாள். வெள்ளைப் பகுதியில் ஓடும் நரம்புகளுக்குக் கணவர் கடையிலிருந்து சிவப்புப் பட்டுநூல் வரும். அதைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, மூச்சுவிட்டால் பறந்துவிடும் இழையாக்கி ஒட்டுவாள். அதன்மேல் கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் பூச்சு, அப்புறம் மெருகு. தெருவில் போனால் எது பிறந்த கண், எது செய்த கண் என்று பெற்றவளுக்கே தெரியாது.

அக்காவுக்குத் தெரியும். அதுதான் தொல்லை. முகங்களை அவள் சீக்கிரம் மறந்துவிடுவாள், கண்களை மறக்க மாட்டாள். காய் வாங்கும் இடத்தில், வங்கி வரிசையில், யாரோ ஒருவர் முகத்திலிருந்து அவள் செய்த கண் அவளைப் பார்க்கும். அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். யாரும் சொல்லிவைக்காமல் ஏற்பட்ட உடன்படிக்கை அது. ஒருமுறை பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கண் வெளியே போயிருந்தது. மற்றது அவ்வளவு தூரம் திரும்பாமல் அக்காவின் மேலேயே நின்றது. ஏழு நிறுத்தம் வரை தாக்குப்பிடித்தவள் எட்டாவதில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். "நாமளே செஞ்சது நம்மளப் பாத்தா, ஏன் அங்க உக்கார முடியலன்னு தெரியலீங்க" என்று கணவரிடம் சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "நான் தச்ச சட்டை எவன் மேலயாவது போனா எனக்கு அப்படி ஒண்ணும் ஆகலையே" என்றார்.

உண்மையில் அக்கா ஆசைப்பட்டது ஓவியராக. ஓவியப் பள்ளியில் நான்கு வருடம் படித்தவள். கண் செய்யும் வேலைக்கு வந்தது ஒரு வருடம் வயிற்றைக் கழுவிக்கொள்வதற்கு; அந்த ஒரு வருடம் இருபத்தாறாக நீண்டுவிட்டது. ஆனால் விடுமுறை நாட்களில் பின்னறையில் அவள் தூரிகையைக் கீழே வைத்ததே இல்லை. அங்கே பதினோரு ஓவியங்கள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. எல்லாம் அவளிடம் கண் செய்துகொண்டவர்களின் முகங்கள், இரண்டு கண்களோடும். எது போன கண் என்று எந்தப் படத்திலும் கண்டுபிடிக்க முடியாது. தோலும் சுருக்கமும் உதட்டின் ஈரமும் அச்சாக இருக்கும். ஆனால் அந்த அறைக்குள் போனால் நமக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். விளக்கு எரியும் வீட்டில் கதவைத் தட்டித் தட்டி யாரும் வராமல் நிற்பது போல இருக்கும். அக்கா அந்த அறையிலேயே உட்கார்ந்து நிம்மதியாக நொறுக்குத் தீனி தின்பாள். அந்தப் படங்களை அவள் ஒருநாளும் போர்த்தியதில்லை.

ஓவியக்கூடம் நடத்தும் ஒருவர், தன் தகப்பனாரைக் கண் செய்துகொள்ள அழைத்து வந்தவர், தற்செயலாகப் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "மேடம், பதினொண்ணையும் என் கூடத்துல கண்காட்சியா மாட்டுறேன். மாசக் கடைசியில ஒரு இடம் காலியா இருக்கு. ஆனா ஒண்ணு. கண்ணுல உசிர் இல்ல. எல்லாருக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு வச்சிடுங்க. உங்களுக்கா தெரியாது?" என்றார். அக்காவுக்குத் தெரியும். ஓவியப் பள்ளியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: கருமணியின் ஓரத்தில் ஒளிக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் முகம் விழித்துக்கொள்ளும். பதினோரு முகம், இருபத்திரண்டு புள்ளி, அரைமணி நேர வேலை. ஐம்பத்தொரு வயதில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற முதல் வாய்ப்பு. இதை விட்டால் அடுத்தது இல்லை என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று வாரமாக வெள்ளையில் தோய்த்த தூரிகையோடு படத்தின் முன் நிற்பாள், பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிடுவாள்.

கை வராததற்குக் காரணம் அவள் செய்த முதல் கண். ஒரு கடிகாரம் பழுதுபார்க்கிறவர். சுருள்வில் தெறித்துக் கண் போயிற்று. புதிதாகச் சேர்ந்த அக்கா உயிரைக் கொடுத்துச் செய்தாள். ஓவியப் பழக்கத்தில் கருமணியின் ஓரத்தில் வெளிச்சத்தையும் வரைந்துவிட்டாள். பொய்க்கண்ணில் அதை வரையக் கூடாது. மெருகேற்றிய மேற்பரப்பில் எதிரே இருக்கிற வெளிச்சம் தானாகவே விழும். இது அவளுக்கு அப்போது தெரியாது. எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள், கடிகாரக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். பத்தே நாளில் அவர் மனைவி தனியாக வந்தாள். "தூங்கும்போது அந்த இமை முழுசா மூட மாட்டேங்குதும்மா. அறையே இருட்டா இருக்கு, அவரு முகமே தெரியல, அந்த வெள்ள மட்டும் தெரியுது. அவரு தூங்குறாரு, அது முழிச்சிட்டு இருக்கு." அக்கா பதறிப்போய், கொண்டுவாருங்கள், உடனே மாற்றித் தருகிறேன் என்றாள். அவர்கள் வரவே இல்லை. மெருகு மங்கினால்கூடக் கடிகாரக்காரரே தன் கடையில் தேய்த்துக்கொள்வதாகக் கேள்வி. அன்றிலிருந்து அக்கா எந்தக் கண்ணிலும் ஒளி வரைந்ததில்லை, படத்தில்கூட.

போன வாரம் அந்த அம்மாள் வந்தாள். காலை பதினோரு மணி இருக்கும். தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கைக்கடிகாரப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அக்கா திறந்தாள். பஞ்சுக்கு நடுவிலிருந்து அவளுடைய முதல் கண் அவளைப் பார்த்தது.

"அவரு போயி இருபது நாளாச்சு. இதை எடுத்து எங்கிட்ட குடுத்துட்டாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல, வீட்ல வச்சுக்கவும் முடியல."

"அன்னிக்கே மாத்தித் தர்றேன்னு சொன்னேனேம்மா. ஐயா வேணாம்னுட்டாரா?"

"அவரா? அவருக்கு நான் இங்க வந்ததே தெரியாது. நான்தான் விட்டுட்டேன்." அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கண்ணு போனதுலேர்ந்து அவரு பேச்சக் கொறச்சிட்டாரும்மா. கேட்டா ஆமா, இல்ல. அவ்ளோதான். மொதல்ல அதைப் பாத்துப் பயந்தேன். அப்புறம் ஒருநாள் சும்மா பேசிப் பாத்தேன். தூங்குற ஆள் பக்கத்துல படுத்துட்டு, அதுகிட்ட. புள்ளைங்க விஷயம், வாங்கின திட்டு, எல்லாம். கேட்டுட்டே இருக்கும்மா அது. இருபத்தாறு வருஷம் கேட்டுச்சு."

அக்கா பெட்டியைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப பெட்டியத் தெறந்தாலும் கேக்குது. அவரு இல்ல, ஆனா அது கேட்டுட்டு இருக்கு. அதான் பயமா இருக்கு. அந்த வெளிச்சத்த மட்டும் எடுத்துடும்மா. அப்புறம் நான் வச்சுக்குறேன்."

அக்கா பூதக்கண்ணாடியை இழுத்து விளக்கைப் பக்கத்தில் வைத்துக் குனிந்தாள். எள்ளளவு வெள்ளை. ஆனால் கண்ணாடிக்குள் பார்த்தால் அது பொட்டே இல்லை. நான்கு சட்டம் போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு சின்னக் கருந்தலை. தோளின் முன்பக்கம் விழுந்த ஒற்றைச் சடை. இருபத்தைந்து வயதில் அவளுக்கு அப்படி ஒரு சடை இருந்தது. மருத்துவமனைப் பின்கட்டில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். கடிகாரக்காரரின் நல்ல கண்ணில் தெரிந்ததை ஒன்றுவிடாமல் அப்படியே வரைந்திருக்கிறாள்; அதில் தெரிந்தது அவளே என்று அப்போது நினைத்துப் பார்த்திருக்க மாட்டாள், பிறகு பயத்தில் அந்த வெள்ளைக்குள் என்ன வரைந்தோம் என்று யோசிக்கவே துணியவில்லை. இத்தனை வருடம் அந்த அம்மாளின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்தபடியே கேட்டாள்.

"எடுத்துடட்டுமாம்மா?"

"எடுத்துடு."

சின்னச் சக்கரத்தை ஓடவிட்டுத் தேய்த்தாள். ஜன்னல் போயிற்று, சடை போயிற்று, தலை கடைசியாகப் போயிற்று. விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டியது. கருப்புத் தொட்டு, மேலே பூச்சிட்டு, மெருகேற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்த அம்மாள் கண்ணை வாங்கி இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக உள்ளங்கை இருட்டுக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ம். இப்ப கேக்கல" என்றாள். சொன்ன கையோடு முகம் கோணி, விசும்பத் தொடங்கிவிட்டாள். "கேக்கலையேம்மா..."

அக்கா அவள் கையைப் பிடித்து எழுப்பிப் பின்னறைக்கு அழைத்துப் போனாள். பதினோரு படங்களில் முதலில் நிற்பது கடிகாரக்காரர்தான். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "அவரேதாம்மா. அந்தக் காது மடல்கூட. ஆனா என்னத் தெரியாத மாதிரியில்ல பாக்குறாரு" என்றாள்.

ஓவியக்கூடக்காரர் இதையேதான் சொல்லியிருந்தார். அப்போது அக்காவுக்கு ரோஷம் வந்தது. இப்போது வெட்கமாக இருந்தது. நாற்காலி ஒன்றை இழுத்துப் படத்துக்கு எதிரே, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டாள். அந்த அம்மாளைத் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். வெளிச்சமான ஜன்னல். அதன் நடுவே, கொஞ்சம் கூன் விழுந்த தோளும் தளர்ந்த கொண்டையுமாக ஓர் உருவம்.

"பேசுங்கம்மா."

"யாருகிட்ட?"

"எப்பவும் பேசுறவருகிட்டதான்."

அந்த அம்மாள் தயங்கினாள். பிறகு பழகிய குரலில், தாழ்வாக, ஆரம்பித்தாள். தண்ணீர் மோட்டார் மறுபடி ஓடவில்லை. பெரியவன் வீட்டுக்கு வா வா என்கிறான், மருமகள் வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். கடைச் சாவியை யாரிடம் கொடுப்பது? "எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டீங்க" என்றபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. அக்கா ஒற்றை மயிர்த் தூரிகையை வெள்ளையில் தொட்டு, பார்த்ததைப் பார்த்தபடி, இடது கண்ணில் முதலில் வைத்தாள்.

வலது கண் முடிந்தபோது மணி மூன்று. பேச்சு எப்போதோ நின்றிருந்தது. அந்த அம்மாள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணைப் பெட்டியில் வைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள், வாசல்வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மீதி இருபது கண்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே உட்காரவேண்டிய ஆள் யார் என்று இனிமேல்தான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். மாதக் கடைசிக்குள் முடியாது. ஓவியக்கூடக்காரர் காத்திருப்பாரா, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரா என்பது அவளுக்குத் தெரியாது. அன்று அதை நினைத்து அவள் கலங்கியதாகவும் தெரியவில்லை.

"இந்தாம்மா, சோறு ஆறிப் போச்சு! இன்னிக்கு என்ன, பட்டினியா?" என்று கணவர் முன்னறையிலிருந்து குரல் கொடுத்தார். "இதோ வந்துட்டேங்க" என்று டப்பாவை எடுத்துவந்து, நொறுக்குத் தீனி தின்னும் பின்னறைத் தரையிலேயே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். முதல் கவளம் வாய்க்கு அருகே போய் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து, தோளிலிருந்த நீலத் துண்டை எடுத்து ஓர் உதறு உதறிக் கடிகாரக்காரர் முகத்தின்மேல் போட்டு, நான்கு மூலைகளையும் இழுத்துச் சரிசெய்தாள்.