ஊரெல்லாம் அருணாசலம்

விடியற்காலை சென்னையில் ஏறிய பஸ் திண்டிவனம், செஞ்சி தாண்டித் திருவண்ணாமலையில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறிவிட்டது. நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டரும் எரிச்சலோடுதான் வந்தேன். வேலை அப்படி.

எங்கள் கம்பெனி லண்டன்காரர்களுடையது. இங்கே வேர்க்கடலை வாங்கி அங்கே அனுப்புகிறோம். சந்தை விலையைவிட ஜாஸ்தி கொடுத்து வாங்குகிறோம், உள்ளே எவனோ தன் சொந்தக்காரனுக்கு வியாபாரத்தைத் தள்ளிவிடுகிறான் என்று லண்டனுக்குச் சந்தேகம். ஊழியர் பெயர்களையும் வியாபாரிகள் பெயர்களையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டார்கள். எங்கள் கொள்முதல் அதிகாரி எஸ். அருணாசலம். கீழ்பென்னாத்தூர் வியாபாரி எம். அருணாசலம். குடும்பப் பெயர் ஒன்றாம், ஆகவே ஒரே குடும்பமாம். மனிதரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ரெண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், மேனேஜர் ரகுவின் மேசை முன் நின்று அழுதார். நேரில் விசாரிக்கச் சொல்லி லண்டன் உத்தரவு போட்டதும் ரகு என்னிடம், "லாட்ஜிலயே உக்காந்து, உறவுதான்னு எழுதிட்டு வந்துடுங்க. கீழ்பென்னாத்தூர் வரைக்கும் எதுக்கு அலையுறீங்க" என்றார். ஒரு மனுஷன் பிழைப்பாச்சே, எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் வந்த பஸ் கீழ்பென்னாத்தூரில் நிற்காது என்பதால், அங்கே போக வர இருநூற்றைம்பது ரூபாய் என்று ஆட்டோ பேசினேன். டிரைவர் பெயர் கேட்டேன்.

"அருணாசலம் சார்."

வழியில் டீ குடித்த கடைக்காரரும் அருணாசலம். நான் சிரித்ததைப் பார்த்து டிரைவர், "சாமி பேரு சார். இங்க வீட்டுக்கு ஒருத்தர் இருப்போம்" என்றார். எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு. லண்டன்காரனுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபடியே இருபது கிலோமீட்டரும் போய்விட்டது.

வியாபாரி வீட்டில் வறுத்த வேர்க்கடலையை, அவர்கள் பேச்சில் மல்லாட்டையை, தட்டு நிறையக் கொட்டி உபசரித்தார்கள்.

"சென்னை ஆபீசுங்களா? மாப்ள ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் எம். அருணாசலம்.

பழகினவனையெல்லாம் மாப்ள என்பது வழக்கம்தானே. "எஸ். அருணாசலத்தைச் சொல்றீங்களா?" என்றேன்.

"அது யாருங்க? நான் ரகு மாப்ளயச் சொல்றேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டு வந்தார். "எங்க பொண்ணு எப்டி கீறா? மசக்கை ஜாஸ்தின்னு போன்ல அழுதா. ஆபீசு வேலைன்னு மாப்ள அவளை இட்டுனு வரவே மாட்டேங்கிறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனாரின் கடலையை வாங்கிக் குவித்துவிட்டு, அழுதவனைப் பார்த்து உச்சுக் கொட்டிய பாவி! மருமகன் பெயரில் மாமனார் பெயர் எங்கே வரப்போகிறது? கம்ப்யூட்டர் தேடியது பெயரைத்தான். அந்த அம்மாவிடம் "நல்லா இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிப் போனால் ரிப்போர்ட்டை ரகுவின் கையில்தான் கொடுக்க வேண்டும். ஏறாமல், பக்கத்திலிருந்த டெலிபோன் பூத்தில் நுழைந்து லண்டனுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணிடம் அருணாசலம் நிரபராதி என்றேன், ரகு யாருடைய மருமகன் என்றும் சொன்னேன். அவள் நிதானமாக எழுதிக்கொண்டு, புகார் செய்பவரின் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள்.

என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது என் அப்பா பெயர். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அருணாசலம்" என்றேன்.

"அப்படியானால் அந்த ரெண்டு அருணாசலத்தில் நீங்கள் யாருக்கு உறவு?" என்று கேட்டாள்.