ஞாயிற்றுக்கிழமைக் காய்

எங்கள் பக்கத்து வீட்டு ஆறுமுகநயினார் அண்ணாச்சி மீன் தின்ன மாட்டார். முட்டையும் தொட மாட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்தனுப்பும் கேக்கைக்கூட, முட்டை போட்டிருக்கும் என்று வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிடுவார். ஆனால் தென்காசி வட்டாரத்தில் தூண்டில் போட்டு விரால் பிடிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என் வீட்டுக்காரர் ஜோயல் சொல்கிறார். ஜோயலும் தூண்டில் போடுகிறவர்தான். மீன் பிடித்ததுதான் கிடையாது.

அண்ணாச்சி கூட்டுறவுச் சங்கத்தில் உரம் விற்று ஓய்வு பெற்றவர். ஞாயிறு விடிந்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசி, துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வாசலுக்கு வருவார். “ஆவுட, குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டு வாரேன்” என்று உள்ளே பார்த்துச் சொல்லுவார். பொய் இல்லை, குளிக்கவும் செய்வார். அதற்கு முன்னால் ஜோயலோடு சுந்தரபாண்டியபுரம் பக்கம் போய், குளத்தங்கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவார். பிறகு அத்தனை தூரம் திரும்பி வந்து குற்றாலத்தில் சீயக்காய் தேய்த்து வாடையைக் கழுவுவார். தூண்டில் கம்பு, நரம்பு, முள், தக்கை எல்லாம் எங்கள் மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கும். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனி சித்திரையிலும் அவர் குளிக்கப் போவார். அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் ஒரு நாளும் “எங்க போய்க் குளிச்சீக?” என்று கேட்டதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது!

“சைவப் பிள்ளை கொலை செய்யலாமா அண்ணாச்சி?” என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

“நான் எங்கம்மா கொல்லுதேன்? நான் பாட்டுக்குத் தண்ணிக்குள்ள முள்ளைப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். அதுவா வந்து கடிக்குது.”

“முள்ளுல புழு எப்படி வந்துச்சாம்?”

“அது ஜோயல் மாட்டுதான்.”

பாவம் முழுவதையும் என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு மனுஷன் நிம்மதியாக நிற்கிறார். ஜோயல் அதற்கும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு வாய்த்தது அப்படி.

நான் கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரத்துக்குச் சரியாக அண்ணாச்சி பின்வாசலில் நிற்பார். கையில் ஏதாவது ஒரு நகைக்கடைப் பை இருக்கும். மீன் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “இன்னைக்குக் காய் கொஞ்சம் சிறுசு எப்சிபா” என்பார். இல்லையென்றால் “நல்ல விளைஞ்ச காய்” என்பார். பையை நீட்டிவிட்டு, “காணுமாம்மா?” என்று கேட்பார். எங்கள் மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கு ஒரு முழு விரால் காணாமல் என்ன? தாராளமாகக் காணும், மிஞ்சவும் செய்யும் என்பேன். அப்படியும் முகத்தில் சந்தேகம் போகாமல் போவார்.

ஆவுடை அக்கா கதை கொரோனா வருஷம் தொடங்கியது. காய்ச்சல் போய்விட்டது, மூக்குதான் திரும்பவில்லை. கற்பூரம் தெரியவில்லை, பெருங்காயம் தெரியவில்லை, பால் தீய்ந்தால்கூடத் தெரியவில்லை. இனி இப்படியேதான் சாகப்போகிறேன் என்று மதில் பக்கம் நின்று அழுவாள். ஒரு ஞாயிறு மத்தியானம் நான் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்திருக்கிறேன், பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது, கண்ணில் தண்ணீர்.

“எப்சி! எனக்கு வாடை தெரியுதுடி! உங்க வீட்டுக் குழம்பு வாடை தெரியுதுடி!”

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்ததும் அக்கா சட்டியை எட்டிப் பார்த்தாள். மெதுவாக, “ஒரு சொட்டு உள்ளங்கையில விடேன்” என்றாள். விட்டேன். அன்றிலிருந்து வாராவாரம் அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்ததும், பூக்கட்டப் போகிறேன் என்று பூவும் நாருமாக எங்கள் அடுக்களைக்கு வந்துவிடுவாள். வாழையிலையில்தான் சாப்பிடுவாள். நடுத்துண்டு வேண்டும், முள்ளை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். முடித்துவிட்டு, புளியங்குடியில் இருக்கும் தம்பி அனுப்பும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கையைத் தேய்த்துக் கழுவுவாள். அதுவரைக்கும் அண்ணாச்சியின் குறட்டை மதில் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

“அவுகளுக்குத் தெரிஞ்சா என்னையத் தலை முழுகிருவாக” என்பாள் அக்கா. “ஆவுடைக்குத் தெரிஞ்சா அன்னைக்கோட வீட்டுல சோறு கிடையாது” என்பார் அண்ணாச்சி. அந்தப் பக்கம் ஒரு சத்தியம், இந்தப் பக்கம் ஒரு சத்தியம். நடுவில் நான். காலையில் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் ‘பொய் சொல்லாதே’ என்று பாடம் நடத்திவிட்டு வந்துதான் இத்தனையும் செய்தேன்.

இந்தப் பிழைப்புக்கு ஒரு நாள் தடங்கல் வந்தது. அவர்கள் மகள் பொன்செல்விக்கு வீரகேரளம்புதூரில் மாப்பிள்ளை அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாங்களும் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா சங்கரநாராயணன், வெங்காயம்கூட யோசித்துச் சாப்பிடுகிறவர். காபி குடித்துக்கொண்டே சொன்னார்:

“காலம் கெட்டுப் போச்சு சம்பந்தி. போன வாரம் தென்காசிக்கு பஸ்ல வாரேன். சுந்தரபாண்டியபுரம் குளத்தங்கரையில ஒருத்தன், நெத்தி நிறையத் துண்ணூறு, கையில தூண்டிலு! நம்ம ஆளு மாதிரிதான் இருந்துச்சு. பஸ்ஸு வெரசாப் போயிட்டு. மூஞ்சி சரியாத் தெரியல.”

ஜோயலுக்குக் கேசரி தொண்டையில் சிக்கி, முதுகில் நாலு அடி அடிக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி, “அநியாயமால்லா இருக்கு” என்று மட்டும் சொன்னார். ஊர் திரும்பியதும் எங்கள் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றார். “இதை ஒடிச்சு அடுப்புல வச்சிரு ஜோயல். என் பிள்ளைய அங்கன ஒருத்தன் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது” என்றார். அப்புறம் ஒரு கோணிச் சாக்கை எடுத்து அவரே தூண்டிலை மூடிவிட்டுப் போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிள்ளை புகுந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள். அண்ணாச்சிதான் உட்கார்ந்துவிட்டார். ஞாயிறானால் வாசலில் நாற்காலி போட்டு, பிரேக்டவுன் ஆன பஸ் மாதிரி அசையாமல் கிடப்பார். பேப்பரை விரித்தால் பக்கம் புரட்டுவது கிடையாது. குளிக்கக் கூப்பிட்டால் “வீட்டுல குழாய் இருக்கு” என்பார். குறட்டைகூட நின்றுபோனது.

அக்காவுக்கு ஏக்கம் வேண்டாம் என்று நான் மார்க்கெட்டில் ஒரு மீனை வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு இலையை மடக்கினாள்.

“இது அந்தக் காய் இல்ல. ஐஸு வாடை அடிக்கு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆமா, நீங்க விவரந்தெரிஞ்சு மீன் தின்ன பரம்பரை பாருங்க! இதுக்கு என்ன குறை? எது வந்தா என்ன?”

“அவுக பிடிச்சது வேணும் எப்சி” என்றாள் அக்கா.

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

“எக்கா! உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? குத்தாலத்துல குளிச்சிட்டு வார மனுசன் வேட்டியில செதிலு எப்படி ஒட்டும்? நான்தான துவைக்கேன். பொன்செல்வி பள்ளிக்கூடத்துக்குப் போற காலத்துலயே தெரியும்.”

“அடப்பாவமே! தெரிஞ்சுகிட்டா இம்புட்டு நாளும் என்னையப் பொய் சொல்ல விட்டீங்க?”

“தெரியும்னு நான் சொன்னா வெக்கப்பட்டு விட்டுருவாக. அதான் வாயத் தெறக்கல.” சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “இப்ப சும்மாவே விட்டுட்டாக. ஞாயித்துக்கிழமைக்குக் காத்துக்கிட்டு ஆறு நாளும் சிரிச்ச மூஞ்சியா இருப்பாகடி. இப்பப் பாரு, சோத்தை அளைஞ்சுட்டு எந்திரிக்காக. எனக்குக் காய் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவுக பழையபடி ஆனாப் போதும்.”

நானும் கூடச் சேர்ந்து அழுதேன். திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

அடுத்த ஞாயிறு விடிகாலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் கோயிலுக்குப் புறப்பட்டு வாசலில் குடையை விரிக்கிறேன். பக்கத்து வீட்டு வாசலில் அண்ணாச்சி நாற்காலியில் கிடக்கிறார். அக்கா உள்ளேயிருந்து துண்டையும் எண்ணெய்க் குப்பியையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“குளிக்கப் போயிட்டு வாங்க.”

“குழாய்ல குளிச்சுக்கிடுதேன்.”

“குழாய்த் தண்ணி உங்களுக்கு ஆகல. குத்தாலத்துலயும் சீசன் கூட்டம். பம்பொழிப் பக்கம் போங்க, அங்கன குளமெல்லாம் நல்லாக் கிடக்காம். நம்ம சம்பந்தகாரவுக பஸ்ஸு அந்தப் பக்கம் போகாது.”

அண்ணாச்சி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அக்கா மறுபடி உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு வந்தாள். சிரட்டை நிறைய ஈர மண், அதில் புழு நெளிகிறது. கறிவேப்பிலை மரத்து மூட்டில் தன் கையாலேயே தோண்டியிருக்கிறாள். நகத்தில் மண் அப்படியே இருந்தது. எறும்பை மிதித்தால்கூடச் சிவசிவா என்கிற பொம்பளை அவள்.

“இது என்ன?” என்றார் அண்ணாச்சி.

“ஜோயல் தம்பி கேட்டுச்சு. போற வழியில குடுத்துருங்க.”

ஜோயல் கேட்கவில்லை. அப்போது அவர் போர்வைக்குள் இருந்தார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் சிரட்டையையும் அந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து துண்டைத் தோளில் போட்டார். “சரி, குடுத்துருதேன்” என்று சொல்லி, சிரட்டையைப் பிரசாதம் வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

நான் கோயிலிலிருந்து திரும்பியபோது பின்வாசலில் நகைக்கடைப் பையோடு நின்றிருந்தார். தலையில் ஈரம், முகத்தில் பழைய களை.

“நல்ல விளைஞ்ச காய் எப்சிபா. காணுமாம்மா?”

“தாராளமாக் காணும் அண்ணாச்சி.”

இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பாமலேயே சொன்னார்:

“புளியைக் கொஞ்சம் குறைச்சு ஊத்தும்மா. அவளுக்கு ரெண்டு நாளா நெஞ்சு எரியுதுங்கா.”

சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அப்போ இத்தனை நாளும் ‘காணுமாம்மா?’ என்று கேட்டது மூன்று பேருக்கா!

புளியைக் குறைத்துத்தான் ஊற்றினேன். மத்தியானம் அக்கா நாரும் பூவுமாக வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்துவிட்டு, “இன்னைக்குத்தான்டி உனக்குக் கைப்பக்குவமே வந்திருக்கு” என்றாள். நான் முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் குறட்டை, வழக்கத்தைவிடச் சத்தமாகவே கேட்டது.