நான்சி நரியோடையில் விழுந்த கதை

நான்சிக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் வெகுகாலம் சேலை எடுத்துப் போட்டவள். ஒரு நாள் முதலாளி, சேலை கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றார். மற்ற பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நான்சி சேலைக் குவியல் மேலேயே விழுந்து சிரித்தாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அம்மாவின் நோயும் தம்பி பிரிட்டோவின் படிப்புமாகக் கல்யாண வயது போயிருந்தது; அதற்காக அவள் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. ஊர் ஓரத்துக் காப்புக்காட்டில் ஓடையைச் சரிசெய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சோற்றுத் தூக்கோடு போய் நின்றாள்.

நரியோடை அந்தக் காட்டுக்கு நடுவே போகிறது. ஊருக்குள் வயல்கள் மனையாகி, மனைகள் மாடி வீடாகி விட்டன. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் ரோட்டுப் பாலத்துக்கு அடியில் பாய்ந்து காட்டுக்குள் விழும். வருஷா வருஷம் கரையை அறுத்து அறுத்து, மருத மரங்களின் வேர்களை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது. மழை ஓய்ந்தால் ஓடையில் ஒரு சொட்டு இருக்காது. பாலித்தீன் பைகள்தான் இருக்கும்.

வனவர் மலர்விழி வேலையை விளக்கினார். செங்குத்தான கரையைச் சரிவாக வெட்ட வேண்டும். அதன்மேல் தேங்காய்நார்ப் பாய் விரித்து வெட்டிவேர் நட வேண்டும். தண்ணீரின் வேகத்தைக் குறைக்க ஓடைக்குக் குறுக்கே பெரிய கற்களைப் படிப்படியாக அடுக்க வேண்டும். கல் அடுக்க வெள்ளிமலையிலிருந்து வேடியப்பன் வந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன், தனியாள், பேச்சு கம்மி.

நான்சி முதல் நாளே அவனிடம் போய், "அண்ணே, இந்தக் கல்லு இன்னா என்னெயே மொறைக்கிது?" என்றாள்.

அவன் கல்லைத் திருப்பி வைத்தான். "இப்ப?"

"இப்ப முதுகக் காட்டுது. கோவம் போல."

வேடியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான்சி மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வெட்டிவேர் நடும் இடம் எப்படியோ அவன் கல் அடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அமைந்தது. மலைக்குப் போய்வரும் போதெல்லாம் அவன் பலாச்சுளை கொண்டுவந்தான். அவள் மீன்குழம்பு கொண்டுவந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அவள் "அண்ணே" என்று கூப்பிடும்போது மட்டும் அவன் கை ஒரு நொடி நின்றுவிடும். கல் கனக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. கற்கள் தாங்குமா என்று பார்க்க எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். பாலத்துக்கு அடியிலிருந்து செந்தண்ணீர் இரைச்சலோடு வந்து முதல் படியில் மோதியது. நுரைத்தது. அடுத்த படியில் இறங்கியது, அதற்கடுத்ததில் தளர்ந்தது. கடைசிப் படிக்குக் கீழே ஒரு குளம்போல அகலமாகப் பரந்து நின்றது.

"நிக்கிது! கல்லு நிக்கிதுங்க மேடம்!" என்று நான்சி துள்ளிக் குதித்தாள். கால் வழுக்கியது. பிடித்துக்கொள்ள வேடியப்பனின் சட்டைதான் கிடைத்தது. இருவரும் சரிவில் சறுக்கிக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தார்கள். போன வருஷமாக இருந்தால் வெள்ளம் ஆளையே அடித்துக்கொண்டு போயிருக்கும். இப்போது இடுப்பளவுத் தண்ணீர் அவர்களைச் சுற்றிச் சாவகாசமாகச் சுழன்றது.

"எழுந்திரிங்கண்ணே" என்றாள் நான்சி, மூச்சுமுட்டச் சிரித்தபடி.

வேடியப்பன் முகத்துச் சேற்றை வழித்தான். "இனிமே என்னெ அண்ணேன்னு கூப்புடாதீங்க."

"பின்ன இன்னான்னு கூப்புடறது?"

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"அடி பட்டுச்சா?" என்று மேலிருந்து கத்தினார் மலர்விழி.

"படல மேடம்!"

"அப்ப அங்க இன்னா பண்றீங்க?"

"பேசிக்கினு இருக்கோம் மேடம்!"

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். பிரிட்டோ முதலில் நம்பவில்லை. அவர் மலைக்காரர், சாமி வேறு, பழக்கம் வேறு என்று அவளே எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போனாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்க்கா. நீ அண்ணே அண்ணேன்னு சொல்லிக்கினு இருந்தியே, அந்த ஆளா?" என்றான்.

"அது மத்தியானம் வரைக்கும்டா."

தை மாதம் பதிவுத் திருமணம் நடந்தது. மலர்விழி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நான்சி மாப்பிள்ளை மேல் சாய்ந்தாள். வளைவே இல்லாத இடத்திலும் சாய்ந்தாள்.

அடுத்த வருஷ மழையில் ஒரு பக்கக் கரை சரிந்தது. இருவரும் சேர்ந்து அதை மறுபடி வெட்டி நட்டார்கள். இப்போது பங்குனி வரை ஓடையில் தண்ணீர் நிற்கிறது. போன வாரம் நான்சி கல்லிடுக்கில் கெளுத்திக் குஞ்சுகளைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இதுங்க எந்த பஸ்ல வந்துச்சிங்க?"

வேடியப்பன் குனிந்து பார்த்தான். "டிக்கெட்டு கேக்காத. பயந்துக்கும்."