மாதா சேலை

எங்கள் அப்பாவுக்கு வியாபாரம் தெரியாது என்று ஒடுகத்தூர் பஜாரில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வியாபாரம் தெரிந்துதான் அவர் அந்தக் காவிச் சேலைகளை வாங்கினார். ஆவணி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கக் கிளம்புவார்கள். முந்தின வருஷம் பாதியிலேயே சரக்கு தீர்ந்து, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் அப்பாவுக்கு மனக்குறை. அதனால் அந்த முறை கையிலிருந்ததையெல்லாம் போட்டு, விற்காததைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று சொன்ன மொத்தக் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக முன்கூட்டியே இறக்கிவிட்டார். கொரோனா வந்தது. யாரும் நடந்து வரக்கூடாது என்றார்கள். மாதாவுக்குப் போகவேண்டிய சேலைகள் எங்கள் துணிக்கடை அலமாரியை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அத்தைதான் ஒரு யோசனை சொன்னாள். சிவப்புச் சாயம் போட்டால் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவர்கள் வாங்குவார்களாம். கோயில் திருவிழாவுக்குச் சோறு வடிக்கும் அண்டாவை இரவல் வாங்கி வந்து கொல்லையில் அடுப்பு மூட்டினார்கள். முதல் சேலையை முக்குவதற்கு முன்னால் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே, கோச்சிக்காத. புள்ளைங்க வவுத்துக்குத்தான்."

மாதா கோபித்துக்கொண்டாளோ என்னவோ, சாயம் பிடிக்கவில்லை. பாலிஸ்டர் கலந்த துணியில் அந்தச் சாயம் ஏறாது என்பது எல்லாவற்றையும் முக்கி எடுத்த பிறகுதான் தெரிந்தது. துணிக்கடைக்காரருக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்காதீர்கள். விற்பது வேறு, சாயம் காய்ச்சுவது வேறு. அரைவேக்காட்டு பீட்ரூட் மாதிரி திட்டுத் திட்டாக வெளிவந்தன. துணிந்து ஒன்றை வாங்கிப்போன ஒரு பெண், கழுத்தெல்லாம் சிவப்பு வழிய வந்து அதைக் கல்லாவின் மேல் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அவள் திட்டியிருந்தால் அப்பாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஆவணியிலும் நடைப்பயணம் இல்லை. அப்போதுதான் ஜவ்வாது மலையிலிருந்து புளி கொண்டுவந்து விற்கிற ஒருவர், சாமை விதைத்த கொல்லையில் பன்றித் தொல்லை தாங்கவில்லை, சுற்றிக் கட்ட பழைய சேலை இருந்தால் கொடுங்கள், விளைந்ததும் சாமையாகத் தருகிறேன் என்று கேட்டார். பழைய சேலை கேட்டவருக்கு, சாயம் திட்டுத் திட்டாக இருந்தாலும் யாரும் கட்டாத புதுச் சேலையே கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவார் என்று அப்பா நினைத்துவிட்டார். கடை வைத்திருப்பவர் புத்தி அப்படித்தானே போகும்.

குட்டியானை வண்டியில் மூட்டைகளை ஏற்றி, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பள்ளிக்கூடமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே குஷி. கொல்லை ஓரத்தில் மூட்டையைப் பிரித்ததும் அப்பா பழக்கதோஷத்தில் ஒரு சேலையை உதறிக் கைமேல் போட்டு முந்தானையை எடுத்துக் காட்டினார். பன்றிக்கு எதற்கு முந்தானை என்று நான் சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். புளிக்காரர் சேலையை மூக்குக்கிட்டே கொண்டுபோய்விட்டு, சங்கடத்தோடு சொன்னார்:

"கட்டி அவுத்த சேலதாங்க மொதலாளி வேணும். அதுல ஆளு வாசன இருக்கும், பன்னி கிட்ட வராது. இது கட வாசனதான் அடிக்குது."

மனுஷருக்கு ஆகாமல் போனது சரி, பன்றியை விரட்டவும் ஆகாதா என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அப்பா உதறின சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"கட்டுங்க. ஆளு வாசனைக்கு நான் இருக்கறேன். அறுப்பு வரைக்கும் காவல் பாக்கறேன்."

புளிக்காரர் விளையாட்டு என்று சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கு இன்னாத்துக்குங்க இந்த வேல?" என்றார் மெதுவாக. அப்பா கொம்பில் சேலையைக் கட்ட ஆரம்பித்தார். வழக்கமாக ஒரு சேலை வாங்கினால் ஒரு ஜாக்கெட் துணி இலவசம் கொடுப்பார். அன்றைக்குச் சேலைகளுக்கு இலவசமாக அவரே கூடப் போனார்.

சாயங்காலத்துக்குள் கொல்லையைச் சுற்றிச் சேலைகள் காற்றில் படபடத்தன. தேர்த் திருவிழா வந்ததுபோல எனக்கு அவ்வளவு அழகாக இருந்தது. அம்மா ஒன்றைக்கூடக் கட்டவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு கடைய யாரு தொறக்கறது?" என்று கேட்டாள். அப்பா அவளைத் தள்ளிக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். போன வெள்ளிக்கிழமையே கடையைக் காலிசெய்து சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தாகிவிட்டது என்றும், முதலாளி என்று கூப்பிட்ட பஜாரில் இனிமேல் தன்னால் தலைகாட்ட முடியாது என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் சில வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு, அப்பாவுக்கு மட்டும் மலையில் காவல் பரண்மேல் தங்கக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஏக்கமாகவும் கோபமாகவும் இருந்தது. நானும் இருக்கிறேன் என்று அடம்பிடித்தேன். அவர் என் தலையைத் தடவி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கொண்டைஊசி வளைவுகளில் பஸ் இறங்கியபோது அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டே வந்தாள். மலைப் பாதையில் எல்லாருக்கும் குமட்டும். அதுதான் என்று நினைத்து, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"மோந்து பாரும்மா, சரியாய்டும்," என்றேன்.

அம்மா அதை வாங்கி முகர்ந்தாள்.