நாற்பது டிக்

விரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் புரட்டுகிறாள். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று டிக் அடித்தவை நேரே மருத்துவர் மேசைக்குப் போய்விடும். அவள் தேடுவது வேறு: நாற்பது கேள்விக்கும் ‘மிக நன்றாக இருக்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்த தாள்.

பல்கலைக்கழக மனநல மையத்தில் எழுத்தர். பிள்ளைகள் வைத்த பெயர் டோக்கன் அக்கா. ஒன்பதாயிரம் பேருக்கு ஒரே மருத்துவர். இன்று டோக்கன் வாங்கினால் மூன்று வாரம் கழித்துத்தான் முறை வரும். அதுவரை அழாமல் இருக்க வேண்டுமா என்று ஒருத்தி குத்தலாகக் கேட்டாள். “இங்க உக்காந்து அழு. நாற்காலிக்கு டோக்கன் கிடையாது” என்றாள் அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பையனின் அப்படியொரு நாற்பது டிக் தாளை, ‘நலம்’ என்று எழுதிய கோப்பில் அவள்தான் போட்டாள். ஒன்பதாம் நாள் அந்தப் பையனின் அப்பா வந்தார், விடுதி அறையைக் காலி செய்துகொண்டு போக. மகன் கடைசியாக ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறானா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே நாற்பதையும் படித்தார். “நல்லாத்தானேம்மா இருந்திருக்கான்” என்றார்.

அன்றிலிருந்து நாற்பது டிக் அடித்தவர்களை ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைக்கிறாள். நன்றாக இருப்பவர்களை நோயாளி ஆக்காதீர்கள் என்று மருத்துவர் சலித்துக்கொள்கிறார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறார்கள்; அக்காவுக்கு மறை கழன்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே போகிறார்கள்.

இன்று வந்தவள் மூன்றாம் ஆண்டு. கையெழுத்து விட்டுப்போனதாகச் சொல்லி அக்கா அழைத்திருந்தாள். அந்தப் பெண் தாளைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினாள். மெலிந்த கையில் கடிகாரம் முழங்கை வரை வழுக்கிப் போய் வந்தது.

“எல்லாத்துக்கும் நல்லாருக்கேன்னுதானே போட்டிருக்கேன்?”

“அதனாலதான்மா கூப்பிட்டேன்.”

அந்தப் பெண் தாளை நான்காக மடித்தாள். பிறகு, தரையைப் பார்த்தபடி அவள் கேட்டாள். “கஷ்டம்னு போட்டா வீட்டுக்கு போன் பண்ணுவீங்களாமே?”

பண்ணுவார்கள். அதுதான் விதி.

“தெரிஞ்சா அப்பா படிப்ப நிறுத்திருவாரு. அப்புறம் அந்த வீட்டுல நான் உயிரோட இருக்க மாட்டேன்க்கா.”

டோக்கன் அக்கா எழுந்துபோய் மருத்துவரின் கதவைத் தட்டினாள். உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் அடுத்து இவள்தான் என்றாள். திரும்பி வந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து, ‘பெற்றோர் கைபேசி எண்’ என்ற கட்டத்தில் தன் எண்ணை எழுதி, அவள் பக்கம் நகர்த்தினாள்.