மாடி வீட்டுக்கு ஒரு கை தூக்குங்கோ

கதவைத் தட்டுவது பெரிய காரியம் இல்லை. திறந்த பிறகு பேச வேண்டும், இந்தத் தொழிலில் உள்ள கஷ்டமே அதுதான்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும். நாகர்கோவிலில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறையைக் கிறிஸ்துமஸுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்கார மாமா. மஸ்கட்டிலிருந்து மகன் வருகிறான், கார் நிறுத்த இடம் வேண்டுமாம். கைப்பிள்ளையோடு வேறு வீடு தேடினால் எங்கேயும் கிடைக்கவில்லை. அப்போதுதான் எங்கள் வார்டில் சும்மா கிடக்கும் மாநகராட்சி நிலத்தில் அடுக்குமாடி கட்டச் சொல்லித் தீர்மானம் வருகிறது, வார்டில் ஓட்டு உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து கை தூக்க வேண்டும் என்றாள் மகளிர் குழு செல்வி அக்கா. ஆள் சேர்க்கும் வேலையை என்னிடம் தந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றேன். "பிள்ளைய ஒக்கல்ல வச்சுக்கோ, இந்தத் தெர்மோகோல் மாடிய கையில பிடிச்சுக்கோ. மிச்சத்த அதுவளே பேசும்" என்று, கட்டப் போகும் அடுக்குமாடியின் சின்ன மாதிரி ஒன்றைத் துணி மூடி என்னிடம் தந்தாள்.

மருந்துப் பெட்டி

முதல் வீட்டு அக்கா கதவைத் திறந்தாள். துணி மூடிய தெர்மோகோலைப் பார்த்ததும் உள்ளே ஓடினாள். தன் மகனை இழுத்து வந்து, மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து எனக்கு நேரே காட்டினாள். நான் துணியை விலக்கி, இது சொட்டு மருந்து இல்லை, மாடி வீடு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பையன் அதற்குள் ஊரைக் கூட்டிவிட்டான். அக்கா சொன்னாள்: "சரி, வந்ததுக்கு இவன் விரல்ல மையாவது வச்சிட்டுப் போ. இல்லேன்னா இன்னும் எவளாவது வருவா."

காற்று

ரிட்டயர் ஆன சார் ஒருவர் உட்காரச் சொல்லி, கருப்பட்டிக் காப்பி தந்து, ஏழைகளுக்கு வீடு இல்லாத கொடுமையைப் பற்றிப் பேசினார். எனக்கே அழுகை வந்தது. எந்த இடத்தில் கட்டப் போகிறார்கள் என்று கேட்டார். உங்க வீட்டுக்குப் பின்னால்தான் என்றேன். காப்பி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"அங்க அருமனையில கெட்டலாமே பிள்ளே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல? வீடு எல்லாருக்கும் வேணும், நான் இல்லேங்கல. ஆனா எனக்குக் காத்து அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது."

கேமராவுக்கு முன்னால்

ஒரு பெரிய வீட்டு கேட்டில் கை வைத்ததும், "ஏட்டி, செடியத் தொடாத!" என்று சுவர் பேசியது. துபாயில் இருந்துகொண்டு வீட்டுக்காரர் கேமராவில் பார்க்கிறார். முகம் தெரியாத தைரியத்தில், செல்வி அக்கா சொல்லிக்கொடுத்த அத்தனையையும் தங்குதடையில்லாமல் ஒப்பித்தேன். அந்த ஒரு இடத்தில்தான் முழுசாகப் பேசினேன். சுவர் கேட்டது: "நான் ஆறு ரூமு கெட்டி, இருக்க ஆளில்லாமப் பூட்டிப் போட்டிருக்கேன். இன்னும் எதுக்கு வீடு?"

அப்படியென்றால் ஒரு அறையை எங்களுக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டேவிட்டேன். "ஆளு இருந்தா வீடு அழுக்காயிரும்லா?"

ஓட்டு இல்லாதவர்கள்

மனசார ஆதரவு தந்தது எங்கள் வரிசையில் வாடகைக்கு இருப்பவர்கள்தான். ஆனால் யாருக்கும் இங்கே ஓட்டு இல்லை. வீட்டுக்காரர்கள் யாரும் வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதில்லை; அந்தச் சீட்டு இல்லாமல் இந்த விலாசத்தில் ஓட்டு சேர்க்க முடியவில்லை. மீன் விற்கும் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்: "கை இங்க இருக்கு மக்கா. ஓட்டு குளச்சல்ல கெடக்கு."

குடில்

அந்த நிலத்துக்கு எதிர்வீடு ரோஸ்மேரி சித்தி. மாடி வந்தால் தன் முற்றத்தில் காயும் கருவாட்டை மேலேயிருந்து கண்ணு போடுவார்கள் என்று முதலில் விரட்டினாள். இரண்டாம் தடவை போனபோது கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தாள். தெர்மோகோலைப் பார்த்ததும் கண் விரிந்தது. அதைத் தந்தால் வீட்டிலுள்ள கை அத்தனையும் தூக்கப்படும் என்றாள். தந்தேன். மொட்டை மாடியில் இடையர்கள், பால்கனியில் ஒட்டகம், கீழே தொழுத்தில் மாடும் கன்றும்.

மாதாவை நிறுத்திவிட்டு, வாசலில் பிள்ளையோடு நின்ற என்னைப் பார்த்து சித்தி கண்ணைத் துடைத்தாள்: "வயித்துப் பிள்ளையோட ஊரெல்லாம் அலைஞ்சிருக்கா பாரு. ஒரு ரூமு குடுக்க நல்ல மனசுள்ள ஒருத்தர்கூட அந்தக் காலத்துல இல்லாமப் போயிட்டாவளே!"

தீர்மானம்

கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் உயர்ந்த கை எங்கள் வீட்டுக்கார மாமாவுடையது. தூக்காமல் இருந்தவர்களையெல்லாம் முதுகில் தட்டித் தூக்க வைத்தார். சித்தி வீட்டில் பச்சைப்பிள்ளை கையைக்கூடத் தூக்கிப் பிடித்தார்கள். காற்றுக்கார சார் மட்டும் கை கட்டி இருந்தார். தீர்மானம் நிறைவேறியது. செல்வி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள். இவ்வளவு நல்ல மனுஷனா என்று மாமாவுக்கு நன்றி சொல்லப் போனேன்.

"நன்றியெல்லாம் எதுக்கு மக்ளே? அதான் வீடு பாஸாயிட்டுல்லா, நாளைக்கே சாமான எடுத்திரலாம்லா?"

மேலிடத்து அனுமதியெல்லாம் வந்து கட்டி முடிக்கும்வரை அந்த அடுக்குமாடியில் குடியிருப்பது ரோஸ்மேரி சித்தியின் ஒட்டகம்தான்; நான் அதே கதவுகளை மறுபடி முதலிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை "வாடகைக்கு உண்டுமா?" என்று.