ஒவ்வொரு ‘யெஸ்’ஸுக்கும் ஒரு பச்சைப் புள்ளி

ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இருமல் மிட்டாய் வாங்க வந்தால்கூட, உங்களுக்குப் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்பேன். கேட்காமல் விட எனக்கு உரிமை கிடையாது. கணினித் திரையில் அந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. மாதா மாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஒரு சீக்கியப் பெரியவர் வருவார். தலைப்பாகையும் இடுப்பில் கிர்பான் கத்தியுமாக, புகையிலையைத் தொடுவதே பாவம் என்று வாழ்கிறவர். அவரிடமும் கேட்க வேண்டும். முதல் மாதம் சிரித்தார். இரண்டாம் மாதம் முறைத்தார். இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே “நோ” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பெயருக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி விழுகிறது. வாழ்நாளில் பீடியைத் தொடாத மனிதரைப் புகைபிடிக்காமல் காப்பாற்றிய பெருமை எங்கள் கடையைச் சேர்ந்தது.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆக்லாந்தில் மருந்துக்கடை என்பது மாத்திரை விற்கும் இடம் மட்டும் இல்லை. தடுப்பூசி போடுகிறோம், ரத்த அழுத்தம் பார்க்கிறோம், புகையை விடச் சொல்கிறோம், மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா என்று விசாரிக்கிறோம். இதற்கெல்லாம் அரசு மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப முதலாளிக்கு ஊக்கத்தொகை தருகிறது. யாரோ நல்ல மனதோடு யோசித்த திட்டமாகத்தான் இருக்கும். டாக்டரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்கும் ஊரில், தெருமுனையில் படித்த ஒருத்தி சும்மா நிற்கிறாளே, அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதில் என்ன தப்பு? தப்பு அதற்கு அப்புறம் வந்தது. அக்கறையை எண்ண முடியாது, ஆனால் கேள்வியை எண்ணலாம் என்று ஒரு அறிவாளி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

திண்டுக்கல்லில் பி.ஃபார்ம். முடித்துவிட்டு நான் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றிருக்கிறேன். அங்கே கேள்வி என்ற பேச்சே கிடையாது. “வயித்து வலிக்கு ஒரு மாத்திர குடும்மா” என்பார்கள். முதலாளி அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி இரண்டு மாத்திரையை எடுத்து, பழைய நாளிதழில் மடித்துக் கொடுப்பார். யாருக்கு, எதற்கு, வேறென்ன சாப்பிடுகிறீர்கள், ஒன்றும் கிடையாது. சுவரில் என் பட்டச் சான்றிதழ் தொங்கும், அதற்குக் கீழே பத்தாவது தவறியவர் ஊசி மருந்து விற்பார். அந்தக் கூத்துப் பொறுக்காமல்தான் தேர்வு மேல் தேர்வு எழுதி, விசாவுக்கு நின்று இங்கே வந்து சேர்ந்து, பிளாட் புஷ்ஷில் கடனுக்கு வீடும் வாங்கினேன். அங்கே கேள்வியே கேட்க மாட்டார்கள். இங்கே பதிலைக் கேட்க மாட்டார்கள். இதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

எங்கள் மேலாளர் ஹேலி. முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பெண் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் பிறந்தநாளுக்கு அவளே கேக் செய்து எடுத்து வருவாள். ஆனால் காலையில் கடையைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது பச்சைப் புள்ளிகளைத்தான். பச்சை கூடியிருந்தால் “ஆசம்” என்று பாராட்டுவாள். நோயாளியின் பண்பாட்டை மதிப்பது எப்படி என்று கணினியில் ஒரு பயிற்சி உண்டு. மதிய உணவு இடைவேளையில் சான்ட்விச்சைக் கடித்தபடியே அதை முடித்து, சான்றிதழை அச்சடித்து ஒட்டிவைத்தாள். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் கை கூப்பி “நமஸ்தே” என்கிறாள். அதற்கும் ஒரு மதிப்பெண் இருந்தது.

அந்தப் பச்சைப் புள்ளிகளுக்கெல்லாம் ராஜா, சின்சாமி அங்கிள். ஃபிஜியிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர், விமான நிலையத்தில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி இழுத்துவரும் வேலை. கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பம். சின்னச்சாமி எந்த அலுவலகத்திலோ சின்சாமி ஆகிவிட்டார். தமிழ் தெரியாது, ஃபிஜி இந்திதான் பேசுவார். மாரியம்மன் பாட்டு மட்டும் தமிழில் முழுதாகப் பாடுவார், அர்த்தம் கேட்டால் சிரிப்பார். அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. நாளுக்கு இத்தனை, வேளைக்கு இத்தனை என்று மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு அட்டையில் அடுக்கி ஒட்டித் தருவோம். காலி அட்டையை அவர் திரும்பக் கொண்டுவரும்போது ஒரு மாத்திரை மிச்சம் இருக்காது. ஹேலி எது கேட்டாலும் “யெஸ், யெஸ்” என்பார். நடக்கிறீர்களா? யெஸ். காய்கறி சாப்பிடுகிறீர்களா? யெஸ். மருந்தால் தொந்தரவு இல்லையே? யெஸ். தொந்தரவு இருக்கிறது என்கிறாரா இல்லை என்கிறாரா என்று ஹேலி ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் அக்கறையாகக் கேட்கும்போது இல்லை என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது மரியாதைக் குறைவு என்பது அவர் வளர்ந்த விதம். எனக்கும் அதே வளர்ப்புத்தான். எங்கள் வீட்டிலும் டாக்டர் முன்னால் யாரும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை.

போன கோடையில் ஒரு புதன்கிழமை வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருந்துச் சோதனைக்காக ஹேலி அவரை உட்காரவைத்து, வரிசையாகக் கேட்டு, வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். யெஸ், யெஸ், யெஸ். நான் பக்கத்தில் மாத்திரை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையெழுத்துப் போட நீட்டிய கையில் மஞ்சள் கட்டிய காப்புக் கயிறு இருந்தது. கை நடுங்கியது. அந்தக் குளிரூட்டிய கடைக்குள் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

“அங்கிள், விரதமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“யெஸ், பேட்டி,” என்றார், மகளே என்று இந்தியில். இந்த யெஸ் மட்டும் வேறு மாதிரி, பெருமையாக வந்தது.

பத்து நாள் விரதம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், விளக்கு வைத்த பிறகு ஒருவேளைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தீ மிதிக்கிறார். சர்க்கரை மாத்திரை? அதை ஒருவேளைகூட விடவில்லையாம், கெமிஸ்ட்டில் மறக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்றார். வெறும் வயிற்றில், சர்க்கரையை இறக்கும் மாத்திரையை, காலையும் மாலையும், ஆறு நாளாக. ஹேலி என்னைத் தனியே கூப்பிட்டு, இது அவருடைய நம்பிக்கை சம்பந்தப்பட்டது, அதில் தலையிடக் கூடாது, பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனிதர் எந்த நேரம் மயங்கி விழுவார் என்று தெரியவில்லை, இவள் அவருக்கு மரியாதை செய்கிறாளாம். பண்பாட்டை மதிப்பது என்றால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பது என்று அந்தப் பயிற்சியை எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

விரல் நுனியில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. ஜூஸ் கொடுத்தால் கையால் மறைத்து மறுத்தார், இன்னும் விளக்கு வைக்கவில்லையாம். கெஞ்சினேன், கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரையை மட்டும் விரதத்தில் போடுகிறாரே, மருந்து விரதத்தை முறிக்காது என்றுதானே? அலமாரியிலிருந்து குளுக்கோஸ் ஜெல்லை எடுத்து, அவர் பெயருக்கு ஒரு லேபிள் அச்சடித்து ஒட்டி, “இது மருந்து” என்று நீட்டினேன். லேபிளைப் படித்தார், கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. ஹேலி அதற்குத் திரையில் கட்டம் தேடினாள். கிடைக்கவில்லை.

என் கவலை அதோடு தீரவில்லை. பல வருடச் சர்க்கரைக்காரரின் பாதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தடுப்பூசி போடும் சின்ன அறைக்கு அழைத்துப்போய், பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். ஒரு பெண் தன் காலைத் தொடுவதா என்று கூசினார். நானும் மருந்துதான் என்றேன், சிரித்துவிட்டார். கண்ணை மூடுங்கள், நான் பஞ்சால் தொடும்போது சொல்லுங்கள் என்றேன். கட்டை விரலைத் தொட்டேன், “யெஸ்” என்றார். குதிகாலைத் தொட்டேன், “யெஸ்.” எனக்குச் சந்தேகம் வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, தொடாமலே, “இப்போது?” என்று கேட்டேன்.

“யெஸ், பேட்டி.”

“இப்போது?”

“யெஸ்.”

கண்ணைத் திறக்கச் சொன்னேன். என் மடியில் கிடந்த கையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அந்த அறையில் இருந்த ஒரே பொய்யைச் சொன்னவர் அவர்தான், ஆனால் வெட்கமாக இருந்தது எனக்கு. அத்தனை வருடப் பச்சைப் புள்ளிகளும் இதே யெஸ்ஸால் விழுந்தவை. முட்டாள்தனத்துக்கு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்தால் அது எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அழகாக வளர்கிறது என்று வியந்தபடி அவருடைய சாக்ஸை மாட்டிவிட்டேன். காலில் உணர்ச்சி இல்லை, தீயில் இறங்கினால் சுடுவதே தெரியாது, புண் ஆறாமல் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னேன். மகள் பிரசவத்தில் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்டது, அம்மாவிடம் பின்வாங்க முடியாது என்றார்.

டாக்டருக்குப் போன் அடித்து, வரவேற்பறைப் பெண்ணோடு மல்லுக்கட்டி, கடைசியில் அவரையே பிடித்தேன். விரதம் முடியும்வரை அந்த மாத்திரை வேண்டாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். அட்டைகளைப் பிரித்து அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான், சின்சாமி அங்கிளின் புள்ளி சிவப்பாகிவிட்டது. மருந்து ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளி என்று திட்டம் முடிவு செய்துவிட்டது. ஹேலி கலங்கிப்போனாள். இந்தக் காலாண்டே கெட்டுவிடும், இதைப் பற்றி நீ ஒரு பக்கம் சிந்தித்து எழுதித் தர வேண்டும் என்றாள். எதைப் பற்றி என்றேன். அவரை மாத்திரை சாப்பிட வைப்பதில் நீ என்ன இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்பதைப் பற்றி என்றாள். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். சிவப்புப் புள்ளிக்காரர்களுக்கெல்லாம் கணினி தானாகவே குறுஞ்செய்தி அனுப்பும். உங்கள் மாத்திரையை மறந்துவிட்டீர்கள், இன்றே தொடங்குங்கள் என்று, கடைசியில் ஒரு சிரிக்கும் முகத்தோடு. அது தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். வெஸ்ட்கேட்டில் இருக்கும் மகள் அன்று வந்திருந்தாள், அவள்தான் எடுத்தாள். அப்பா பழைய அட்டையில் மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார், கெமிஸ்ட் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று சாவகாசமாக ஆங்கிலத்தில் சொன்னாள். நானும் கெமிஸ்ட்தான், வேண்டாம் என்கிறேன் என்று கத்திவிட்டேன். யார் சொல்வதைக் கேட்பது என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன், பையில் கட்டுத்துணியும் களிம்பும் எடுத்துக்கொண்டு. கோயில் ஊருக்கு வெளியே, பழைய கிடங்கு ஒன்றைத் திருத்திக் கட்டியது. பின்புறப் புல்வெளியில் தீக்குழி. வேலிக்கு அப்பால் தீயணைப்பு வண்டி ஒன்று. தமிழ்ப் பாட்டு ஒலிபெருக்கியில் ஓங்கிக் கேட்க, பாடுகிறவர்களில் ஒருவருக்கும் என்னோடு தமிழில் பேச வராது. இருட்டியதும் மஞ்சள் வேட்டியில் வரிசையாக வந்தார்கள். ஐந்தாவதோ ஆறாவதோ அவர். ஓடவில்லை. விமான நிலையத்தில் தள்ளுவண்டி இழுத்து வருகிற அதே நடைதான். இறங்கி, கடந்து, பால் ஊற்றிய பள்ளத்தில் காலை வைத்து நின்றார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். வலது காலைத் தூக்கிக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளங்காலின் விரலடியில் தோல் வெளுத்து உப்பிக்கொண்டிருந்தது, பெரிது. பஞ்சால் பாலைத் துடைத்தபடி, “வலிக்குதா அங்கிள்?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு அது எப்படியோ புரிந்தது. என்னையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

“தெரியல,” என்றார் அவரும் தமிழில், மெதுவாக. “தெரியல, அம்மா.”

பிறகு என் தலைமேல் கையை வைத்து இந்தியில் நீளமாக ஏதோ சொன்னார். வாழ்த்தாகத்தான் இருக்க வேண்டும், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். தீ மிதித்தவர் காலில் நான் விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்து, அவர்களும் ஒவ்வொருவராகக் குனியத் தொடங்கினார்கள். முதல் பெண் தொட்டுக் கும்பிட அந்தப் பாதத்துக்குக் கையை நீட்டினாள். தொடாதீர்கள், புண் என்று எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், அந்தக் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தேன்.